மார்கழியில் கிளம்பாத டிராக்டர்

சேகர்,

இந்தக் கடிதத்தை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். முதல் இரண்டையும் அடுப்பில் போட்டுவிட்டேன். உன் அப்பா பத்திரிகை வைக்க நாட்றம்பள்ளிப் பக்கம் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார். அதற்குள் எழுதி முடித்து மூன்று மணி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து ஆம்பூருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆனால் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய்ப் பாலைப் பார்க்கிறேன், வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். கல்யாண வீட்டில் வேலை ஜாஸ்தி, அதனால்தான் இப்படி என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே இப்படித்தான் இருக்கிறேன்.

அன்றைக்குக் குடியாத்தத்தில் கலைச்செல்வி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பின்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. ஆம்பூரில் நீ பார்த்திருக்கிற வாடகை வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, "அந்தத் தெருவுல கெணத்துத் தண்ணி உப்புங்க. எங்க சின்னம்மா அங்கதான் ரெண்டு வருஷம் இருந்துட்டு காலி பண்ணிக்கினு வந்தாங்க" என்றாள். நீ சிரித்துக்கொண்டே, "உனக்கு இன்னா தெரியும்? நான் தெனமும் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறேன்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் உதடு மூடிக்கொண்டது, பாரு, அதை நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அப்படி உதடு மூடிய பிறகு உள்ளே என்னென்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன் அப்பாவும் கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. அதே மூன்று வார்த்தையை, அதே சிரிப்போடு, நம் வீட்டு வாசலில் அவர் என்னிடம் சொன்ன நாளிலிருந்து நடந்ததை யாருக்கும் நான் முழுசாகச் சொன்னதில்லை. உனக்குச் சொல்ல வேண்டும்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. நீ திருப்பத்தூர் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சித்திரையில்தான் உன் அப்பா ஒரு பழைய டிராக்டரை வாங்கி மலைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். கீழே ஏதோ ஊரில் பத்து வருஷத்துக்கு மேல் உழுது தேய்ந்த வண்டி. ஏலகிரியில் அப்போது டிராக்டர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கொல்லைகளை உழுவதற்கும், பலாப்பழம், மூட்டை, கல் எல்லாம் ஏற்றிக்கொண்டு கீழே போவதற்கும் நம்மைத்தான் தேடி வந்தார்கள். வெயில் காலம் முழுக்க வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. கார்த்திகை பிறந்தது, பேஜார் ஆரம்பித்தது. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிழவன் இருமுவது போல நாலு தடவை முனகும், பிறகு அதுவும் நின்றுபோகும். மார்கழியில் நம் மலைக் குளிர் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினுக்குள் எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி இறுகிப்போகும். பேட்டரிக்கும் குளிரில் பாதி பலம் போய்விடும்.

உன் அப்பா ஆளுக்கு ஒரு யோசனை கேட்டுவந்து செய்து பார்த்தார். குச்சியில் துணி சுற்றி டீசலில் நனைத்துக் கொளுத்தி, எஞ்சின் காற்று இழுக்கிற வாயில் பிடித்தார். எஞ்சினுக்கு அடியில் வைக்கோலைப் போட்டு எரித்தார். கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஈத்தர் என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள், மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். அதைத் துணியில் விட்டுக் காற்றுக் குழாயில் காட்டினால், இரும்பை இரும்பால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு வண்டி கிளம்பும். கிளம்பிய நாளில் தன் வித்தை பலித்தது என்பார். கிளம்பாத நாளில் குளிர்மேல் பழியைப் போடுவார். நடுவில் வேறு ஏதாவது இருக்குமோ என்று அவர் பார்க்கவே இல்லை. இத்தனைக்கும் பழைய வண்டிக்காரன் எஞ்சின் தலையில், கிளப்புவதற்கு முன் உள்ளே சூடேற்றுகிற ஹீட்டர் பிளக்குக்குப் போகிற ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தான். அது எதற்கு என்று கூட யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் வண்டி வந்ததும் அதைத் துடைப்பது என் வேலை. வேறு யாரும் சொல்லி நான் அதைச் செய்யவில்லை, அழுக்கோடு நிற்பது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். அப்படித் துடைக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. டீசல் ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற குழாய் சேருகிற இடத்தில் மட்டும் மண் ஈரமாக ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டால் மறுநாள் சாயங்காலம் மறுபடி அதே அளவுக்கு ஒரு திட்டு. கல்யாணத்துக்கு முன்னால் ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் ஓரம் வெட்டுகிற செக்‌ஷனில் இரண்டு வருஷம் வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். எங்கள் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே டீசல் எஞ்சின் வைத்த தண்ணீர் பம்பு ஓடும். அந்த பம்புக்காரர் தினமும் காலையில் எஞ்சினைத் திட்டிக்கொண்டே ஒரு திருகைத் தளர்த்தி, நுரை நுரையாக டீசல் வெளியே வந்து, பிறகு நுரை அடங்கி நூல் பிடித்த மாதிரி வரும்வரை ஒரு சின்ன நெம்புகோலைக் கையால் அடித்துவிட்டுத்தான் கிளப்புவார். "டீசல் கசியற எடத்துல காத்து பூந்துக்கும்மா. காத்து பூந்துட்டா எஞ்சின் வெறும் வாய மெல்லும்" என்று எங்களிடம் சொல்வார். அது எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை வண்டி கிளம்பாமல் நின்றபோது பக்கத்துக் கொல்லைக்காரர்கள் மூன்று பேர் கூடியிருந்தார்கள். நான் போய், "ஏங்க, அந்த ஜாயிண்டுல ஈரமா இருக்குது. ராத்திரியில காத்து பூந்து டீசல் டேங்குக்கே திரும்பிடுதோ இன்னாவோ" என்றேன். அவர் எரிகிற துணியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "உனக்கு இன்னா தெரியும்? போ, போய் எல்லாருக்கும் டீ போடு." மூன்று பேரும் சிரித்தார்கள். நான் போய் டீ போட்டேன். நாலு டம்ளரையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த வண்டியைப் பற்றி இனி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்று.

இங்கேதான், சேகர், என் தப்பு ஆரம்பிக்கிறது. வாயை மூடினேனே தவிர கண்ணை மூடவில்லை. தினமும் பார்த்துக்கொண்டே இருந்தேன். டேங்க் நிறைய டீசல் இருக்கிற மறுநாள் வண்டி கிளம்பியது. பாதிக்குக் கீழே போன மறுநாள் கிளம்பவில்லை. அந்த வண்டியில் டேங்க் தாழ்வாக இருக்கும், டீசல் மட்டம் இறங்கினால் குழாயில் இருப்பது பின்னால் வடிந்துவிடுகிறது. கிளம்பாத நாளில் சைலன்சரைப் பார்த்தேன். எத்தனை சுற்று சுற்றினாலும் புகையே இல்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, சூடு போதவில்லை என்று அர்த்தம். புகையே வராவிட்டால் டீசலே போகவில்லை. வெயில் காலத்தில் பத்து சுற்று கூடுதலாகச் சுற்றிக் காற்றைத் தள்ளிவிடுகிற பலம் பேட்டரிக்கு இருந்தது, மார்கழியில் இல்லை. ஒரு வாரத்துக்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். காலையில் அவர் துணியைக் கொளுத்துவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவர் வியர்த்து, திட்டி, தோற்றுப்போய் உள்ளே வருவதைப் பார்ப்பேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் அதுதான் நிஜம். எனக்குப் பொறுமைசாலி என்று சொந்தக்காரர்கள் மத்தியில் பெயர். அந்த மூன்று வாரமும் நான் அவர்மேல் வன்மம் வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு எஸ்தர் அத்தை அப்போது நிறைமாசம். அவளுக்கும் தாசு மாமாவுக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய கரு. மார்கழி பாதியில் ஒரு நாள் விடிவதற்கு முன்பே வலி எடுத்தது. பிரசவம் பார்க்க வந்த கன்னியம்மா ஐந்து மணிக்கு என்னைத் தனியே இழுத்து, "கொழந்த குறுக்க கெடக்குது. இனிமே என் கையில இல்ல. ஒடனே கீழ எறக்கிக்கினு போய்டுங்க" என்றாள். முதல் பஸ் எட்டு மணிக்கு மேல். வேறு வண்டி எதுவும் கிடையாது. தாசு மாமா ஓடி உன் அப்பாவை எழுப்பினார். டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி மேலே கம்பளி போட்டோம். உன் அப்பா சாவியைத் திருப்பினார். நாலு முனகல், அவ்வளவுதான். முந்தின நாள் கீழே போய்வந்ததில் டீசல் கால் டேங்குக்கு வந்திருந்தது. அது எனக்குத் தெரியும்.

நான் எஸ்தர் வீட்டு வாசற்படிக்கு வந்து நின்றேன். டிராக்டர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது. உள்ளே அவள் கத்துகிறாள், வெளியே இவர் துணியைக் கொளுத்துகிறார். சைலன்சரில் புகை இல்லை. போய்ச் சொல் என்று ஒரு மனசு, என்னைக் கூப்பிடட்டுமே, ஒரு தடவை அவர் வாயால் கேட்கட்டுமே என்று இன்னொரு மனசு. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று பிறகு எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். குளிரில் கால் மரத்துப்போகிற அளவுக்கு நின்றேன். கிழக்கு வெளுத்தது. பேட்டரி செத்துவிடும் என்று பயந்து உன் அப்பா சாவியை விட்டுவிட்டு, ஈத்தரைக் காட்டி, முன்னால் ஹேண்டிலைப் போட்டுக் கையால் சுற்றினார். ஈத்தர் குபீரென்று முன்கூட்டியே பற்றிக்கொண்டது போல. ஹேண்டில் எதிர்ப்பக்கமாக உதைத்தது. விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தாசு மாமா அழுதுகொண்டே என்னைப் பார்த்து, "அக்கா, எதனா பண்ணுங்கக்கா" என்று கும்பிட்டார். உன் அப்பா கூப்பிடுவார் என்று காத்திருந்தவள், அவர் கூப்பிடாமலேதான் இறங்கினேன்.

"ஸ்பேனர எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் கண்ணாலேயே காட்டினார். அந்தக் குழாய் ஜாயிண்டைக் கழற்றினேன். உள்ளே செம்பு வாஷர் ஒரு பக்கம் தேய்ந்து பிளந்திருந்தது. புதுசுக்கு எங்கே போவது? என் செருப்பு வாரை அரிவாள்மணையில் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, எண்ணெயில் தோய்த்து வாஷராக வைத்து முடுக்கினேன். ஃபில்டர் மேல் திருகைத் தளர்த்தி, பம்பில் இருக்கிற சின்ன நெம்புகோலை அடித்தேன். நுரை வந்தது, வந்துகொண்டே இருந்தது, பிறகு அடங்கி டீசல் தெளிவாக வழிந்தது. திருகை இறுக்கினேன். பிரசவத்துக்குக் காய்ச்சிய வெந்நீர் அடுப்பில் இருந்தது. கோணியை அதில் நனைத்துப் பிழிந்து, எஞ்சினுக்குள் காற்று போகிற இரும்புக் குழாயைச் சுற்றிக் கட்டினேன். இரண்டு தடவை மாற்றிக் கட்டினேன். உன் அப்பா எழுந்து ஏறி இடது கையால் சாவியைத் திருப்பினார். மூன்றாவது சுற்றில் வெள்ளையாகப் புகை வந்தது, ஐந்தாவது சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது. எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒடிந்த கையோடு அவர்தான் ஓட்டினார். தாசு மாமா பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்டியரிங்கை இழுத்துக்கொடுத்தார். அத்தனை வளைவிலும் எஸ்தர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் டிரெய்லரில் உட்கார்ந்திருந்தேன். கீழே ஆஸ்பத்திரியில் அவளைப் பிழைக்க வைத்தார்கள். குழந்தை போய்விட்டது. ஆண் குழந்தை. இனிமேல் கருத்தரிக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு உயிரையும் பாத்திருக்கலாம்" என்றார். யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி அவர் சொல்லவில்லை. நான் மட்டும்தான் அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று தெரிந்தவள்.

மாவுக்கட்டோடு வீடு திரும்பிய அன்று உன் அப்பா என்னைக் கேட்டார், "உனக்கு எப்பத் தெரிஞ்சிச்சி?" நான், "அப்பத்தான், கழட்டிப் பாத்தப்புறம்தான்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீ மொதல்லயே சொன்ன. நான்தான் கேக்கல" என்றார். அந்த மனுஷன் பழி முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார், நான் போட்டுக்கொள்ள விட்டேன். அந்த வாரமே இரண்டு பேருமாகச் சேர்ந்து எல்லாவற்றையும் சரி செய்தோம். புது செம்பு வாஷர் போட்டோம், ஹீட்டர் பிளக்குக்கு ஒயரை மறுபடி கொடுத்தோம், குளிர் காலத்துக்கு இளகிய எண்ணெய் மாற்றினோம். பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி எடுத்தோம். ராத்திரியில் பேட்டரியைக் கழற்றி அடுப்பங்கரையில் வைத்தோம். ஈத்தர் பாட்டிலை அவரே குழி தோண்டிப் புதைத்தார். அதற்குப் பிறகு எத்தனை குளிரிலும் சாவியைப் பாதி திருப்பி இருபது எண்ணிவிட்டு முழுசாகத் திருப்பினால் வண்டி கிளம்பியது. மலையடிவாரத்திலிருந்தெல்லாம் என்னைத் தேடி வந்தார்கள். "பொகை வருதா, வரலியா?" என்பதுதான் நான் கேட்கிற முதல் கேள்வி. யாராவது புகழ்ந்தால் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே எழுந்து போய்விடுவேன்.

அதனால்தான் சொல்கிறேன். கலைச்செல்வி ஏதாவது சொன்னால் முதலில் கேள். அவள் சொல்வது தப்பாகக்கூட இருக்கலாம், கேட்டுவிட்டுத் தப்பு என்று சொல். அவள் பேசாமல் இருக்கிற நாளில், வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. அவளிடமும் நான் பேசுவேன். புருஷன் ஒரு தடவை வாயடைத்தான் என்பதற்காகத் தெரிந்ததை மூடி வைத்துக்கொள்ளாதே, அதற்கு விலை கொடுப்பது நீங்கள் இரண்டு பேராக இல்லாமல் போகலாம் என்று சொல்வேன்.

இவ்வளவு எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. எஸ்தர் பதினோரு வருஷமாக, "அக்கா இல்லன்னா நான் செத்திருப்பேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் கல்யாணத்துக்குத் தனக்கென்று வைத்திருந்த ஆட்டை விற்று உன் பெண்டாட்டிக்குப் புடவை எடுத்திருக்கிறாள். அந்தப் புடவையை நான் எந்த முகத்தோடு வாங்கி வைப்பது? நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று வாரத்தையும், வாசற்படியில் நின்றதையும்.

அவள் அரிசியிலிருந்து கையை எடுக்கவில்லை. குனிந்தபடியே சொன்னாள். "நீங்க நின்னத நான் பாத்துக்கினுதான் இருந்தேங்க்கா. கதவு தெறந்திருந்திச்சி. பாயில படுத்திருந்தா உங்க முதுகுதான் தெரியும். ரெண்டு தபா எறங்கனீங்க. ரெண்டு தபா திரும்பி ஏறனீங்க. ஏன் ஏறனாங்கன்னு இத்தினி வருஷமா கேட்டுக்கினு இருந்தேன்."

நான் இறங்கி ஏறியது எனக்கே ஞாபகம் இல்லை, சேகர். அவள் சொல்லித்தான் தெரியும். கையைப் பிடிக்கப் போனேன். "வேணாங்க்கா. இப்பப் போங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ அவளைப் பார்த்தால் ஏன் வரவில்லை என்று கேட்காதே.

பஸ் கீழ் வளைவில் ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்கிறது, இதை மடிக்க வேண்டும். நான் அவள் வீட்டு வாசலைத் தாண்டியதும் பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக் கதவைப் பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை. இன்னும் திறக்கவில்லை.

அம்மா